தேன்பாறை வழி

வளவன் வேலிக்காத்தான் முள்ளை வெட்டி வெட்டி ஓரத்தில் தள்ளிக்கொண்டிருந்தான். வீட்டில் இந்நேரம் நைனாவைக் குளிப்பாட்டிக் கோடித்துணி போர்த்தியிருப்பார்கள். ஏரி நிரம்பி, சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் இடுப்பளவு தண்ணீர். குன்றுக்குப் பின்னால் வளைந்து போகும் இந்த ஒற்றையடிப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. சிங்கவரத்திலேயே பிறந்தவன்தான், ஆனால் குன்றின் இந்தப் பக்கம் அவன் வந்ததில்லை. பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஒரகடம் கம்பெனி என்று அவன் கால்கள் எப்போதும் பஸ் நிற்கும் பக்கமே போனவை.

எங்கோ டிரான்ஸ்பார்மர் இரைவதுபோல் ஒரு சத்தம். இங்கே கரண்ட் கம்பமே இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. வெட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தான். சத்தம் தலைக்கு மேலிருந்து வந்தது.

அண்ணாந்து பார்த்தான். பாதைக்கு மேலே உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த பாறையின் அடியில் கறுப்பாக என்னவோ தொங்கியது. ஈரப்பாசி என்று நினைத்தான். அதன் மேல் ஒரு அலை ஓடி அடங்கியது. பாசி அலையடிக்குமா? மலைத்தேனீ. முறம் முறமாக ஐந்தாறு அடைகள்.

கத்தி கை நழுவிக் கல்லில் விழுந்து ணங்கென்றது. இரைச்சல் சட்டென்று ஏறியது. இரண்டு தேனீக்கள் இறங்கி வந்து அவன் காதோரம் சுற்றின. ஓடாமல் அப்படியே குந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டான். சத்தம் மெல்லத் தணிந்தது. காற்றடித்தபோது ஏறவில்லை. மயில் அகவியபோதும் ஏறவில்லை. மேலே ஒரு ஆடு கல்லை உருட்டிவிட, மறுபடி ஏறியது. இந்தப் பாறைக்கடியில் பறையும் சரவெடியும் வந்தால்? கத்தியை எடுக்கக்கூட மனமில்லாமல் பூனைபோல நடந்து வெளியே வந்தான்.

சித்தப்பா இளையபெருமாள் செஞ்சி பஜாரிலிருந்து ஒரு கோணி நிறைய வெடி வாங்கி வந்திருந்தார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, சாவு வீட்டில் பிணம் என்று எங்கேயும் தானே முன்னால் நிற்க வேண்டும் அவருக்கு.

"சித்தப்பா, பாறைய தாண்டுற வரைக்கும் மேளம் வேணாம், வெடியும் வேணாம். மேல தேனீ இருக்குது."

"இன்னாடா பேசுற? எங்கண்ணன அனாதப் பொணமாட்டம் தூக்கினு போவச் சொல்றியா?"

"சத்தம் கேட்டா எறங்கிடும் சித்தப்பா."

"எறங்கினா எறங்கட்டும். ஆம்பளைங்கதான வர்றோம்?"

"ஓடுவோம் சித்தப்பா." வளவன் கோணிமேல் கை வைத்தான். "நீயும் ஓடுவ, நானும் ஓடுவேன். நைனாவ கீழ போட்டுட்டு ஓடிடுவேன். எனக்குத் தெரியும்."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா சின்னப்பொண்ணு நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். சித்தப்பா குனிந்து கோணியின் வாயை முறுக்கிக் கட்டினார். "தாண்டினதும் வெடிப்பேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

குன்று வந்ததும், புகை தேனீக்கு ஆகாதென்று ஊதுபத்தியை அணைத்தார்கள். பறை அடிப்பவர்கள் தோலின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நடந்தார்கள். பாதை வழுக்கியதால் பாடையைத் தோளிலிருந்து இறக்கிக் கைகளில் பிடித்தார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் வளவன், மறுபக்கம் சித்தப்பா. பின்னால் யாரோ இருமினார்கள். மேலே இரைச்சல் ஏறியது. எல்லோரும் நின்றார்கள். வளவன் மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அது தணியும்வரை கேட்டான். தணிந்தது. தலையை அசைத்தான். நடந்தார்கள்.

பாறைக்கு நேர் கீழே, ஒரு தேனீ வந்து நைனாவின் மாலையில் உட்கார்ந்தது. சாமந்தியை விட்டுத் தாடைக்கட்டின் மேல் ஏறியது. உதட்டோரம் நின்றது. நாலு பேரின் கையும் மூங்கிலில். சித்தப்பா ஊதிவிட வாயைக் குவித்தார். வேண்டாம் என்று வளவன் கண்ணைக் காட்டினான்.

தேனீ கன்னத்தில் நடந்து, மூக்கைச் சுற்றி, மூடிய இமைமேல் ஏறியது. ஒரு ஈ உட்கார்ந்தாலே எரிந்து விழுந்து துண்டை வீசுகிற மனிதர் நைனா. வளவன் அந்த இமையையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

அது நிதானமாக நெற்றிவரை நடந்தது. பொட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பறந்து போனது.