ஆமையின் கண்ணில் மணல்

நிர்மலா குச்சி நுனியில் துணியைச் சுற்றி நெய்யில் தோய்த்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் செல்போன் அடித்தது. அப்பாவின் உடலைச் சுற்றி வரும்போது அவர் பேத்தி பிடிக்கவேண்டிய பந்தம் அது. நெய்க்கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமிக்கண்ணு ஐயாங்களா?"

"அப்பா காலையில தவறிட்டாரு. நான் அவரு பொண்ணு."

பதிப்பகத்திலிருந்து பேசிய சந்திரமோகன் அரை நிமிடம் வருத்தப்பட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். "ஐயாவோட புக்கு நாளைக்கே அச்சுக்குப் போயிடும் மேடம். கடைசிப் பக்கம் மட்டும்தான். ஆமை கண்ணத் தொறந்து கடலுக்குப் போற மாதிரி மாத்திடறோம். சாவெல்லாம் சின்னப் பிள்ளைங்க தாங்காது. நீங்க சரின்னா போதும்."

சாமிக்கண்ணு முப்பது வருடம் தட்டாஞ்சாவடி லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். வேலையை விட்டதும், ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர் கதை எழுதச் சொல்லித்தரும் வகுப்புக்கு சைக்கிளில் போனார். எழுதியது ஒரே கதை. பிள்ளைச்சாவடிக் கரையில் ஆமை ஒன்று செத்து ஒதுங்குகிறது. ஒரு சிறுமி அதன் கண்ணில் ஒட்டிய மணலைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான்.

பதிப்பகத்தில் அறிவுரையை வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். வாக்கியங்களைச் சின்னதாக்கச் சொன்னார்கள். பேத்தி இனியாவை வாசிக்கவைத்து, அவள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தார். ஆமையைப் பிழைக்கவைக்கச் சொன்னபோது மட்டும், "செத்தது செத்ததுதான்" என்றுவிட்டார். கதை ஒரு வருடமாக அங்கேயே நின்றது.

"சரின்னு சொல்லுக்கா," என்றான் தம்பி அய்யப்பன். "அப்பா பேரு அட்டையில வரட்டும். அதுக்காவ எவ்ளோ ஏங்கினாரு."

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் நிர்மலாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வருடம் அப்பாவிடம் செல்லாத பேச்சை ஒரு நிமிடத்தில் மகளிடம் செல்லவைக்கப் பார்க்கிறார்கள்.

"சார், என் பொண்ணுக்கு ஏழு வயசு," என்றாள். "இப்ப பந்தம் புடிச்சிக்கினு அவ தாத்தாவ சுத்தி வரப்போறா. தாத்தா எழுந்து வருவாருன்னு அவகிட்ட நாங்க யாரும் சொல்லல. ஆமை செத்தே கெடக்கட்டும். முடியாதுன்னா கதையக் குடுத்துடுங்க. நானே ஜெராக்ஸ் போட்டு இந்தத் தெருப் பிள்ளைங்களுக்குக் குடுத்துக்கறேன்."

"கொஞ்சம் யோசிச்சு சொல்லுங்க மேடம்..."

"அப்பா யோசிச்சுட்டாரு சார்."

போனை வைத்தாள். அய்யப்பன் பந்தத்தை வாங்கிப் பற்றவைத்தான்.

வாய்க்கரிசி போட்டு முடிந்திருந்தது. இனியா பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். சூடான நெய் ஒரு சொட்டு பாதத்தில் விழுந்தது. முகத்தைச் சுளித்தாள், பந்தத்தை விடவில்லை. மூன்றாவது சுற்றில் தலைமாட்டில் நின்றுவிட்டாள்.

"நிக்காத, நட பாப்பா," என்றார் யாரோ.

அவள் குனிந்து, தாத்தாவின் இமையில் ஒட்டியிருந்த அரிசியை இடது கை விரலால் துடைத்துவிட்டு நடந்தாள்.