கம்பளி நூலுக்குள் ஒரு சாவி

…இல்லை, குளியலறை அலமாரியில் வைக்கவில்லை, அங்கே வைத்திருந்தால் பற்பசை எடுக்கும்போது தினமும் கண்ணில் பட்டிருக்கும், அதனால்தானே அங்கே வேண்டாம் என்று முடிவு செய்தேன், அப்படியானால் வேறு எங்கே, எங்கேதான் வைத்துத் தொலைத்தேன்… துப்பாக்கி உரிமப் பிரிவிலிருந்து அதிகாரி வரும் நேரம், பெட்டகம் சுவரில் கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது, உள்ளே என் ரைஃபிள், வெளியே நான், நடுவில் ஒரு சாவி, அதைக் காணோம். போன வாரம்வரை எங்கே இருந்தது என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது, தையல் பெட்டியின் அடித்தட்டில். மகள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றதும் அதை எடுத்துவிட்டேன், சின்னக் குழந்தை, எதைப் பார்த்தாலும் கவிழ்த்துப் பார்க்கும், அந்த விரல்களையும் அந்தச் சாவியையும் ஒன்றாக நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. எடுத்து, மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தேன். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம், எனக்கே தெரியாத அளவுக்கு. திருடன் கையில்கூடச் சாவி கொடுக்கலாம், என் கையில் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை எழுதியவர் என்னை ஒரு தடவை நேரில் பார்த்திருந்தால், சாவி இருக்கும் இடம் உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரிந்திருக்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்கும், கட்டிய கணவனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று எழுதியிருப்பாரா?

கணவர் என்றால், அதுவும் இவர் என்றால்… கூப்பிட்டு, ஏங்க, என்று ஆரம்பித்தால் போதும், மீதியை நான் சொல்லவே வேண்டாம், இவர் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்து கையில் கொடுப்பார், கிடங்குக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எந்த அடுக்கில் எந்தத் திருகாணி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனிதர். இப்போது அந்தக் கிடங்குக்குப் பதிலாக நான். என் கைப்பேசி, என் குடை, ஒற்றைத் தோடு, தலைமேலேயே இருக்கும் மூக்குக் கண்ணாடி, எல்லாம் இவர் கணக்கில்தான் இருக்கின்றன, கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிற நான் என் கண்ணாடியைத் தேடுவதைப் பார்த்து மகள் சிரிப்பாள், அப்பாதான் நம்ம வீட்டுத் தேடல் துறை என்பாள். கல்யாணமான நாளிலிருந்து நான் தொலைப்பேன், இவர் எடுப்பார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்றைக்கு மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் சாவி கிடைக்கும், உரிமம் போகும். உரிமம் போனால் ஞாயிற்றுக்கிழமைகள் போகும்… அந்தச் சுடுதளத்தின் நீளமான கூடம், காதடைப்பை மாட்டியதும் உலகம் தூரமாகப் போய்விடும் அந்த அமைதி, கன்னத்தில் ரைஃபிளின் குளிர்ச்சி, மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி, தூரத்தில் அந்தக் கறுப்பு வட்டம். அங்கே எனக்கு எதுவும் தொலைவதில்லை, மனசு உள்பட. ஐம்பது வயதுக்கு மேல் இது என்ன கூத்து என்று உறவில் பாதிப் பேர் கேட்டார்கள், கேட்கட்டுமே, எனக்கு அது பிடித்திருக்கிறது, அவ்வளவு பிடித்திருக்கிறது.

இவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் வந்தார், மூலை அலமாரிக்கு முன்னால் போட்டார், பல்பு மாத்தணும் என்றார் பொதுவாக, என்னைப் பார்த்துக்கூட இல்லை, பல்பை எடுத்து வரப் போகிறவர் மாதிரி வெளியே போனார். பிறகு தோட்டத்தில் குழாய் திறக்கும் சத்தம்தான் கேட்டது. மறந்துவிட்டாரா, இவரா, மறப்பதா? தலைக்கு மேலே பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. நான் முக்காலியைப் பார்த்தேன், முக்காலிக்கு மேலே அலமாரியின் உச்சியைப் பார்த்தேன், உச்சியில் அந்தப் பழைய பை, மகள் வயிற்றில் இருந்தபோது பின்ன ஆரம்பித்த ஸ்வெட்டர், அவளே பிள்ளை பெற்ற பிறகும் இன்னும் ஒரு கை வரவில்லை… ஐயோ, நூல் உருண்டை! சாவியை நடுவில் வைத்து நூலைச் சுற்றியது நானேதான், இதை யார் தொடப் போகிறார்கள், நானே தொடுவதில்லையே என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நான்தான். ஏறி, எடுத்து, நூலைப் பிரிக்கப் பிரிக்கச் சிரிப்பு வந்தது, சாவி விழுந்தது, சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியென்றால் இவருக்குத் தெரியுமா?

வந்த அதிகாரி என் மகள் வயதுப் பெண், பொறுமையான பெண். பெட்டகம் சுவரோடு முடுக்கியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தாள், தோட்டாக்கள் தனிப் பெட்டியில், தனிப் பூட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தாள், ரைஃபிளின் எண்ணைச் சரிபார்த்தாள், நல்லா வெச்சிருக்கீங்க மேடம் என்றாள், எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சாதாரணமாகக் கேட்டாள், சாவி இருக்கிற இடம் வேற யாருக்காவது தெரியுமா என்று. தெரியாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சொல்லியிருக்கலாம், யார் கண்டார்கள், ஆனால் பேத்தியின் விரல்கள் ஞாபகம் வந்தன, அதற்காகத்தானே இத்தனை ஒளித்தேன்.

"என் வீட்டுக்காரருக்குத் தெரியும்னு நினைக்கிறேன்" என்றேன். "நான் சொல்லல. அவருக்கு எல்லாமே தெரியும். ஆனா அவர் அதைத் தொட மாட்டார்."

"தொட்டாதான் தப்புன்னு இல்ல மேடம்" என்றாள் அவள். "தொட முடியும்னாலே தப்புதான். அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும்."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள், சாயங்காலம் நானே கூப்பிடுவேன், அவருக்குத் தெரியாது என்று நீங்கள் மனசறிந்து சொன்னால் கையெழுத்துப் போடுகிறேன், சொல்ல முடியாவிட்டால் ரைஃபிளை நாங்கள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. நியாயமான பெண்.

இப்போது சாவி உள்ளங்கையில், நான் வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். புத்தக அடுக்குக்குப் பின்னால்? அங்கே ஒருமுறை என் வளையலை எடுத்துக் கொடுத்தார். மழைக்கோட்டுப் பை? என் கடைச் சாவிக்காக முதலில் அங்கேதான் கையை விடுவார். பழைய பூட்ஸ், மாவு டப்பா, மெத்தைக்கு அடி… எந்த இடத்தில் நின்றாலும் இவர் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போயிருக்கிறார். இந்த மனிதரிடம் எதையாவது ஒளிப்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான். எரிச்சலாக இருக்க வேண்டும், இல்லையே, உள்ளுக்குள் இதமாகத்தான் இருக்கிறது, இந்த அளவுக்கு என்னைத் தெரிந்து வைத்திருக்க ஒருவருக்கு எவ்வளவு பிரியம் வேண்டும்… அப்போதுதான் தோன்றியது, நான் வைக்கிற இடத்தில்தானே இவர் தேடுவார், இவருடைய இடத்தில் வைத்தால்? இவருடைய அலமாரியில், இவரே என்றைக்கும் எடுக்காத ஏதாவது ஒன்றுக்குள்.

கதவைத் திறந்தேன். மடித்த சட்டைகள், கீழே ஒரு தகரப் பெட்டி, ஓரத்தில் நான் பார்த்தே இராத ஒரு பழுப்பு உறை, ஒரு பழைய கைக்கடிகாரம், யாருடையது அது? இவர் எதை அடிக்கடி எடுப்பார், எதைத் தொடவே மாட்டார்? தெரியவில்லை. இவர் எதையும் தொலைத்ததில்லை, அதனால் இத்தனை வருடத்தில் இவருக்காக நான் எதையும் தேடியதே இல்லை. என்னை அடுக்கடுக்காகத் தெரிந்த மனிதரின் ஓர் அடுக்குகூட எனக்குத் தெரியாதா?

ஜன்னலுக்கு வெளியே குழாய்ச் சத்தம் நின்றது. "என்னம்மா தேடற?" என்றார், வழக்கமான குரலில்.

"ஒண்ணுமில்லங்க" என்றேன். இவர் உள்ளே வந்துவிடக் கூடாதே என்றிருந்தது. சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, அந்தக் கடிகாரத்தை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது, இவர் தினமும் அதற்குச் சாவி கொடுக்கிறார்.