ஈரக் கூரைமேல் யாரும் இல்லையா?

தையல்கடை ரேடியோவில் தன் குரலைக் கேட்டதும், கையிலிருந்த பையை அங்கேயே போட்டுவிட்டு அவள் ஓடத் தொடங்கினாள்.

“வெயில் நல்லா இருக்கு. துணியை நனைச்சுக்கிட்டு இப்பவே மேல ஏறுங்க. தகடு பளபளன்னு இருந்தாத்தான் விளக்கு பளிச்சுன்னு எரியும்.”

தூறல் அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

சமுதாய வானொலியில் சூரிய மின்சாரம் பற்றி அவள் நடத்தும் நிகழ்ச்சி அப்படித்தான் முடியும். கேட்பவர்களுக்கு அவள் வெயிலக்கா; அவள் பேச்சை நம்பித்தான் அந்தப் பகுதியில் பாதிப் பேர் தங்கள் தகரக் கூரைகளில் சோலார் தகடு மாட்டியிருந்தார்கள். பக்கத்துக் கல் உடைக்கும் ஆலையின் தூசி தகட்டில் அப்பிக்கொள்ளும். துடைக்காவிட்டால் மின்சாரம் சுருங்கிவிடும். அதனால், ‘ஏறுங்க’ என்று வெயிலக்கா சொன்னால் வானத்தைப் பார்க்காமலே ஏறுகிற பழக்கம் ஜனங்களுக்கு வந்திருந்தது.

நிலையமும் சூரியனை நம்பியே ஓடியது. மூட்டமான நாளில் பேட்டரியை மிச்சம் பிடிக்க ஸ்டுடியோவை அணைத்துவிட்டு, பழைய பதிவை நேராக டிரான்ஸ்மிட்டரில் ஓடவிடுவார்கள். இன்றைய பதிவைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். கடைசி வரிகளை வெட்ட மறந்துவிட்டாள்.

ஈரத் தகரம். கால் வைத்தால் வழுக்கிவிடும்.

அவள் மூச்சிரைக்க நிலையத்துக்குள் நுழைந்தபோது, எல்லோரும் ஃபியூஸண்ணன் என்று கூப்பிடும் டெக்னீஷியன் யாரிடமோ பேசி முடித்து போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடியது.

“மைக்கைப் போடுங்கண்ணே.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சுவிட்சைத் தட்டினார். “பேட்டரி ரொம்ப நேரம் தாங்காதும்மா. சுருக்கமா பேசு.”

“வெயிலக்கா பேசறேன். யாரும் கூரை மேல ஏறாதீங்க. ஏறினவங்க நிக்காம, உக்காந்தபடியே நகர்ந்து இறங்குங்க. நீங்க கேட்டது பழைய பதிவு. தப்பு என்னோடது. இறங்கினதும் ஒரு போன் போடுங்க.”

போன் அலறியது. ஃபியூஸண்ணன் அதை ஒலிபரப்பில் இணைத்தார்.

“நான் ஏறவே இல்லக்கா,” என்றார் தையல்கடைக்காரர். “ஏறினா, என் வீட்டுக்காரி ஏணியை எடுத்து ஒளிச்சு வெச்சுடுவா.”

அடுத்தது ஒரு கிழவர். “பாதி துடைச்சாச்சு. மீதியையும் முடிச்சுட்டு வரேனே.”

“வேணாம் மாமா. மீதியை மழை துடைச்சுக்கும். இறங்குங்க.”

“துடைக்கலேன்னாலும் திட்டற, துடைச்சாலும் திட்டற.”

“கீழ வந்து சேருங்க, நிதானமா திட்டறேன்.”

அவர் முனகிக்கொண்டே இறங்குவது போனில் கேட்டது. கால் தரையைத் தொட்டது என்று அவர் சொல்லும்வரை அவள் விடவில்லை. அடுத்து ஒரு பெண், கணவனை இடுப்பில் கயிறு கட்டி இறக்கியதாகச் சொல்லிவிட்டு அழுதாள். மேலும் சிலர். பேட்டரி மீட்டரில் முள் சரிந்துகொண்டே வந்தது.

“அவங்கவங்க தெருவுல எட்டிப் பாருங்க. கூரை மேல யாராவது தெரியறாங்களா?”

தெருத் தெருவாகப் பதில் வந்தது. யாரும் இல்லை. கடைசித் தெரு பேசி முடித்ததும் விளக்கு மங்கி, ஒலிபரப்பு நின்றது.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

“எல்லாரும் இறங்கிட்டாங்கண்ணே. ஒரு உயிர் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்?”

அவர் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க வீட்டுல அந்தப் பயமே இல்ல,” என்று அவளே சிரித்தாள். “அவரு வேலைக்குப் போயிருக்காரு. இருந்தாலும் ஏற மாட்டாரு. ‘உன் பேச்சை வீட்டுல கேக்கறது போதாதா, ரேடியோவுல வேறயா’ம்பாரு.”

ஃபியூஸண்ணன் எதிர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நீ வந்தப்ப நான் போன் பேசிட்டிருந்தேன்ல. உங்க பக்கத்து வீட்டு டீச்சர்தான். அவரு இன்னிக்குச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துட்டாராம்மா.”

அவள் சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

“ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டு ஏறியிருக்காரு.”

“ஏன் அப்பவே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ மைக் முன்னாடி உக்காந்திருப்பியா? மேல இன்னும் எத்தனையோ பேர் இருந்தாங்களேம்மா.”

அவள் எழுந்தாள். செருப்பைத் தேடிய கால் தரையில் தடவியது.

“எந்த ஆஸ்பத்திரிண்ணே?”

அவர் தலை குனிந்துகொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல. வீட்டுலதான் கிடத்தியிருக்காங்க.”