தலைகீழாக நின்ற யானை

வீட்டுச் சதுரங்கப் பெட்டியில் வெள்ளை ராணி கிடையாது. நாய் மென்றுவிட்டது. புதுப் பெட்டி கேட்டபோது, “கடிச்சது ஒண்ணைத்தானே, மீதியெல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்றார் அப்பா. அன்றிலிருந்து, பரணில் தனியாகக் கிடந்த ஒரு யானையைத் தலைகீழாக நிறுத்தி, அதையே ராணி என்று ஆடினார்கள் வாலுவும் அவள் அண்ணனும்.

இன்று அணித் தேர்வுப் போட்டியின் கடைசிச் சுற்றில் அவர்களே எதிரெதிரே. அணியில் மிச்சம் ஓரிடம். டிரா ஆனாலே அது அண்ணனுக்கு. வாலு ஜெயித்தே ஆகவேண்டும். போட்டியில் அவனை அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

“டிரா கேளுடி, தானம் பண்றேன்.”

“போடா. முதல்ல தலையைச் சீவு. தோத்த மூஞ்சி ஃபோட்டோல நல்லா விழணும்.”

கைகுலுக்கினார்கள். ஆட்டம் தொடங்கியது.

காய்கள் வெட்டுப்பட்டு மேசையோரம் குவிந்தன. கடைசியில் பலகையில் மிஞ்சியவை: ஓரத்தில் ஒதுங்கிய அண்ணனின் கறுப்பு ராஜா, அதை நெருக்கி நிற்கும் அவளுடைய ராஜா, இன்னும் ஓரடி வைத்தால் ராணியாகிவிடும் அவளுடைய சிப்பாய். அவள் கடிகாரத்தில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. சிப்பாயைத் தள்ளினாள். குவியலில் வெள்ளை ராணி கண்ணெதிரே கிடந்தது. பழக்கதோஷம், கை பக்கத்திலிருந்த யானையை எடுத்துத் தலைகீழாக நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைத் தட்டியது.

தட்டிய பிறகுதான் உறைத்தது. அங்கே ராணி நின்றால் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். டிரா.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல். கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கினான். நடுவர் வந்தார்.

“ஸ்டேல்மேட், மேடம். இவ ராணி எல்லாத்தையும் அடைச்சிடுச்சு.”

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். “ராணி எங்கப்பா?”

“இதோ.”

“இது யானை.”

“தலைகீழா இருக்கே, மேடம்!”

“எப்படி நின்னாலும் யானை யானைதான். சிப்பாய் யானையாவும் மாறலாம், விதி அப்படி. ஆடுங்க.”

ராணிபோல யானை மூலைவாக்கில் பாயாது. கறுப்பு ராஜாவுக்கு ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் திறந்தது. அண்ணன் அதைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் நகர்த்தினான். வாலு யானையை எடுத்து மூலையில் வைத்தாள். இந்தமுறை நேராக.

செக்மேட்.

அண்ணன் வாயைப் பிளந்தான். பிறகு அவனுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. சுற்றியிருந்த மேசைகளெல்லாம் ‘உஷ்’ என்றன. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

“யாருடா ஜெயிச்சது?” என்றார் அங்கே காத்திருந்த அப்பா.

“நாய்!” என்றார்கள் இருவரும்.