நடனப் பள்ளிக்கு விற்ற ஆலயம்

எங்கள் யூத ஜெப ஆலயத்தை விற்றுவிடலாம் என்று கூட்டத்தில் முதலில் வாய்விட்டுச் சொன்னவன் நான்தான். சபைத் தலைவர் என்று ஒருவன் இருந்தால் அவன்தானே சொல்ல வேண்டும்? அந்தப் பதவியும் நான் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. தேர்ந்தெடுத்த அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். வராதவன் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஈரி நகரத்துத் தொழிற்சாலைகள் இராப்பகலாக ஓடிய காலத்தில் எழுப்பிய கட்டடம் அது. அப்போது பண்டிகைக்கு வந்தால் நிற்க இடமிருக்காது. பிறகு பிள்ளைகள் படித்துப் பிட்ஸ்பர்க், நியூயார்க் என்று போய்விட்டார்கள். ஏரிக்காற்று மட்டும் எங்கும் போகவில்லை. குளிர்காலம் வந்தால் அந்தப் பெரிய மண்டபத்தைச் சூடாக்குவதற்கே காணிக்கையெல்லாம் கரைந்தது. கடைசியில் கணக்குப் பார்த்தபோது, ஒன்று கூரையைச் சரிசெய்யலாம், அல்லது எங்கள் மதகுரு ரப்பி தமாருக்கு முழுச் சம்பளம் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. கூரையையா ரப்பியையா?

ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் பேகல் ரொட்டியும் சால்மன் மீனும் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லோரும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். நான் பேச்சை எடுத்ததும் செல்மா ருட்னிக் எழுந்துகொண்டாள். பீச் தெருவில் நாற்பது வருடம் ஃபர்னிச்சர் கடை நடத்தியவள். அவள் கணவர் இர்வ் கட்டடக் குழுவில் இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

"லென்னி, உனக்கு வெக்கமா இல்லையாடா? கூரை ஒழுகினா வாளி வை. ஆலயத்தை யாராவது விப்பாங்களா?"

"வாளி ஏற்கெனவே வச்சிருக்கோம் செல்மா. இப்ப வாளி ஒழுகுது."

எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. ரப்பி தமார் மெதுவாகச் சொன்னாள்: "எனக்குக் கார் ஷெட்டுல நின்னு ஜெபம் பண்ணவும் ஆட்சேபணை இல்ல. ஆனா என் ரெண்டு பிள்ளைங்களும் சாப்பிடணும் பாருங்க."

அதோடு முடிவாகிவிட்டது. விற்பது என்று வாக்களித்தோம். எதிர்த்து இரண்டே பேர்: செல்மா, அப்புறம் மோர்ட் கெர்ஷ்வின்ஸ்கி. மோர்ட் எந்தத் தீர்மானத்தையும் எதிர்ப்பார், அது கணக்கில் சேராது. செல்மா அந்தக் குளிர்காலம் முழுக்க என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஆலயச் சாப்பாட்டில் என் தட்டில் மட்டும் கோழி சூப்பை மாவு உருண்டை இல்லாமல் ஊற்றுவாள்.

வசந்தத்தில் இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒன்று, வீட்டுச் சாமான்களை வாடகைக்குப் போட்டுவைக்கும் கிடங்குக் கம்பெனி. நல்ல விலை சொன்னார்கள், ஆனால் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிடுவார்கள். இன்னொன்று, யெசேனியா கொலோன் என்ற பெண் நடத்தும் நடனப் பள்ளி. அவள் விலை நன்றாகவே குறைவு. குழுவில் எல்லோருக்கும் கிடங்கின் பக்கம்தான் மனசு. விற்பதே நாளைய செலவுக்காக, இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் ஆகுமா?

இருந்தாலும் வந்தவளுக்குக் காட்டாமல் அனுப்பக்கூடாதே என்று யெசேனியாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆலயத்தை ஒட்டிய விருந்து மண்டபத்துக் கதவைத் திறந்தால், உள்ளே கைகளைக் கட்டிக்கொண்டு செல்மா நிற்கிறாள். வந்தவளை விரட்டத்தான் வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

யெசேனியா அவளைக் கவனிக்கவே இல்லை. வாசலிலேயே ஷூவைக் கழற்றினாள். மண்டபத்தின் நடுவே போய் ஒரு குதி குதித்தாள். இன்னொரு தரம் குதித்தாள்.

"மேப்பிள் பலகை! அடியில கட்டை கொடுத்துத் தூக்கிப் போட்டிருக்காங்க. எத்தனை தரம் குதிச்சாலும் முழங்கால் நோகாது. இதை யாருங்க போட்டது?"

செல்மாவின் கைகள் கீழே இறங்கின. "என் வீட்டுக்காரர்தான். கல்யாணம்னா ஜனங்க ஆடுவாங்கன்னு சண்டை போட்டுப் போட வச்சாரு. மத்தவங்க மலிவா ஏதோ ரப்பர் விரிப்புப் போதும்னாங்க."

"நல்ல மனுஷன்மா அவரு."

"பிடிவாதக்காரன்," என்றாள் செல்மா. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "நீ என்ன விலை சொன்ன?" என்று கேட்டாள். யெசேனியா சொன்னாள். "இந்த விலைக்கு என் கடையில ஒரு நல்ல சோபா வராது. உக்காரு."

என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் காரில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். செல்மா வந்து கண்ணாடியைத் தட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"விலை கொஞ்சம்தான் ஏறுச்சு. ஆனா பக்கவாட்டுல இருக்கே சின்ன ஜெப அறை, அதுவும் சமையலறையும் நம்மளுக்கு. வாடகை கிடையாது. நாம இருக்கிறவரைக்கும். வெந்நீர், சூடேத்துற செலவு, கூரை எல்லாம் அவளோடது. அந்தக் கிடங்குக்காரன்கிட்ட பணத்தை வாங்கிட்டு எங்கே போய் உக்காருவ? வாடகை கட்டியே பாதி போயிடும், மடையா."

பொருளாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். செல்மா சொன்னது சரிதான். வக்கீலை வைத்து ஒப்பந்தம் எழுதினோம். பணத்தை முதலீடு செய்ததில் வரும் வருமானமே ரப்பியின் சம்பளத்துக்குப் போதும் என்றானது. மோர்ட் எதிர்த்து வாக்களித்தார்.

பெரிய மண்டபத்தில் கடைசி ஆராதனைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்தார்கள். க்ளீவ்லாண்டிலிருந்து பேரப்பிள்ளைகளோடு வந்தவர்கள்கூட உண்டு. பாதிப் பேர் அழுதார்கள். மோர்ட் என் காதில் சொன்னார்: "வாராவாரம் இப்படி வந்திருந்தா வித்திருக்கவே வேணாமேப்பா." அது ஒன்றில் நான் அவரோடு ஒத்துப்போனேன். பிறகு தோரா வேதச் சுருள்களை ஆளுக்கொன்றாகக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, பாடிக்கொண்டே நடைவழியில் நடந்து சின்ன அறைக்குள் வைத்தோம். ரப்பியின் சின்னவன் வழிநெடுகக் கைதட்டிக்கொண்டே வந்தான். அந்த அறைக்குள் நுழைந்ததும் ஒன்று தோன்றியது: எல்லோரும் தோளோடு தோள் உரச நின்றோம். குளிரில் கால் விறைக்கவில்லை.

அடுத்த ஓய்வுநாளான சனிக்கிழமை காலை. எல்லோரும் எழுந்து வாய்க்குள் ஜெபிக்கும் நேரம். சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று மேளம் அதிர்ந்தது. சனிக்கிழமைதான் நடனப் பள்ளிக்குக் கூட்டமான நாள் என்பதை எவரும் யோசிக்கவில்லை, செல்மா உட்பட. ரப்பி தமார் கண்ணை மூடியபடி தாளத்துக்கு இசைவாக அசைந்தாள். மோர்ட், "நான் அப்பவே சொன்னேன்," என்றார். அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. செல்மா புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டு வெளியே போனாள்.

இன்றைக்கு யெசேனியா தொலைந்தாள் என்று நினைத்தோம். மேளம் நிற்கவில்லை. செல்மாவும் திரும்பவில்லை. ஆராதனை முடிந்து போய்ப் பார்த்தால், விருந்து மண்டபத்தில் பெற்றோர்களுக்கு நடுவே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சத்தத்தை நிறுத்தச் சொல்லலையா?"

"பேசாம இரு லென்னி. அந்த மஞ்சள் சட்டைக் குட்டி இடது காலை வைக்கிற இடத்துல வலது காலை வைக்குது. ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

பிறகு அவளும் யெசேனியாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் வாய்க்குள் ஜெபிக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பிள்ளைகள் இசையில்லாமல் கைகால் நீட்டி உடம்பை வளைப்பார்கள். எங்கள் பாட்டு உரக்க ஏறும்போது அங்கே மேளம் தொடங்கும்.

பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர்கள் நடைவழியில் பசியோடு நிற்பதைச் செல்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இப்போது ஆராதனை முடிந்ததும் சமையலறைக் கதவு இருபக்கத்துக்கும் திறக்கிறது. வேர்த்து விறுவிறுத்த பிள்ளைகள் நூடுல்ஸ் கூகல் பலகாரத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிறார்கள். ஒரு பையனின் அப்பா, தன் பாட்டியும் யூதப் பெண்மணிதான் என்று சொல்லி ரப்பியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மோர்ட் காலித் தட்டோடு என்னிடம் வந்து, ஹெர்ரிங் மீன் தீர்ந்துவிட்டது, இதென்ன நிர்வாகம் என்று சத்தம் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனையோ வருடங்களாக எங்கள் மேஜையில் மிஞ்சியதுதான் உண்டு, எதுவும் தீர்ந்ததே இல்லை.