சவுக்கிலிருந்து நாற்பத்திரண்டு தப்படி

எங்கள் மணல்மேட்டில் யாரும் சமாதிக்குக் கல் நட்டதில்லை. கல்லுக்கு எங்கே போவது? மணலைக் குவித்துத் தட்டி வைப்போம். காற்று அதைக் கரைத்துவிடும். வருஷக் கடைசி மாதத்தில் குடும்பத்தோடு வந்து, சவுக்கு மரத்திலிருந்து தப்படி எண்ணி, அதே இடத்தில் மறுபடி குவிப்போம். என் அண்ணன் கியெம் மூன்றாவது சவுக்கிலிருந்து கடலைப் பார்த்து நாற்பத்திரண்டு தப்படியில் கிடந்தான்.

அறுபத்தைந்தில் சைகோன் அரசாங்கம் எங்களை மேட்டைவிட்டுக் கிளப்பி ரோட்டோரத் தகரக் கொட்டகைகளில் அடைத்தது. மேட்டில் இருந்தால் மலையில் இருக்கிற கெரில்லாக்களுக்குச் சோறு போடுவோமாம். இரண்டு வருஷம் சமாதி குவிக்க விடவில்லை. அதற்குள் அமெரிக்கக்காரன் மேட்டுக்குப் பக்கத்தில் முகாம் போட்டு, சுடுவதற்குப் பார்வையை மறைக்கிறது என்று சவுக்கு வரிசையை வேரோடு பிடுங்கிப் போட்டான். பிடுங்கிய குழிகளை மறு மழைக்காலமே மூடிவிட்டது.

ஊர்ப் பெண்களோடு நானும் அந்த முகாமில்தான் மணல் மூட்டை கட்டினேன். நாள் கூலி. அண்ணி துயெத் உப்பில் ஊறிய மீன் சாறு ஜாடிகளைக் காவடியில் தூக்கி ஊர் ஊராக விற்பாள். யார் வீட்டு மணலை யாருக்கு மூட்டை கட்டுகிறாய் என்று என்னைக் கிண்டல் செய்வாள். உன் ஜாடியை மட்டும் வைத்து இரண்டு பேர் தின்ன முடியாதே என்பேன். இரண்டு பேரும் ஒரே கொட்டகை, ஒரே அடுப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முகாமின் மொழிபெயர்ப்பாளன், தாம் கி பட்டணத்துப் பையன், எங்களை நிற்க வைத்துச் சொன்னான். வெள்ளிக்கிழமை காலையில் மேட்டை மட்டமாக்க இயந்திரம் வருகிறது. மேலே இரும்புத் தகடு விரித்து விமானம் இறக்கப் போகிறார்கள். சமாதி இருக்கிறவர்கள் புதன், வியாழன் இரண்டு நாளில் எடுத்துக்கொள்ளலாம். பொழுது சாய்ந்த பிறகு மேட்டில் யார் நின்றாலும் சுடுவார்கள்.

அண்ணியிடம் சொன்னேன். அழவில்லை. காவடியை இறக்கி வைத்துவிட்டு, உன் முகாமில் காலி மூட்டை எத்தனை எடுக்க முடியும் என்று கேட்டாள். சட்டைக்குள் சுற்றிக்கொண்டு முப்பது எடுத்து வந்தேன்.

புதன்கிழமை விடியலில் மேட்டில் போய் நின்றோம். வெறும் மணல். எந்த இடத்தில் மூன்றாவது சவுக்கு நின்றது என்று நான் ஒன்று சொன்னேன், அண்ணி ஒன்று சொன்னாள். கடைசியில் அவள் கயிறு பிடித்து நேர்க்கோடு போட்டாள். கிழங்குப் பாத்தி தோண்டுகிற மாதிரி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நெஞ்சளவு ஆழத்தில் பள்ளம் தோண்டிக்கொண்டே போவது. எங்கே இருந்தாலும் குறுக்கே மாட்டித்தானே ஆகவேண்டும்.

அண்ணனை அடையாளம் காண ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கோட்டைக்குப் பாதை போட அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல் உருண்டு இடது தொடை முறிந்தது. கோணலாகவே ஒட்டிக்கொண்டது. அப்புறம் சாகும்வரை நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடந்தான். எங்களை மேட்டைவிட்டுக் கிளப்புவதற்கு முந்தின வருஷம், ஆற்றுப் பாலத்துக் காவலிலிருந்து சைகோன் பட்டாளம் அடித்த பீரங்கிக் குண்டு ஒன்று வலை இழுத்துக்கொண்டிருந்தவன் பக்கத்தில் விழுந்தது. ஓடத் தெரிந்த கால் இருந்தால் தப்பியிருப்பான்.

பத்து மணிக்கு முதல் எலும்பு தட்டியது. கிழவி. பல்லில்லாத மண்டையோட்டின் கீழே கொம்புச் சீப்பு. நம்மாள் இல்லை, மூடிவிடலாம் என்றேன்.

அண்ணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "திறந்தது நான். மூடிட்டுப் போனா இவ தலைமேல விமானம் இறங்கும். மூட்டையை எடு."

"நமக்கு இருக்கிறதே ரெண்டு நாள் அண்ணி."

"அப்ப பேசாம எடு."

பாதத்திலிருந்து தொடங்கி மேலே மண்டையோடு வரை எண்ணி எடுக்கவேண்டும், அதுதான் முறை. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் போனது. அன்று பொழுது சாய்வதற்குள் நான்கு பேர் கிடைத்தார்கள். நான்கு பேரும் அந்நியர். நான் அண்ணியை விட்டுவிட்டு முன்னால் கொட்டகைக்கு நடந்தேன். நான்கு மூட்டை எலும்பைக் காவடியில் அவளே தூக்கி வந்து, ரோட்டோரம் பாய் விரித்து வரிசையாக வைத்தாள். சீப்பை அந்தக் கிழவியின் மூட்டைமேல் வைத்தாள்.

அந்தச் சீப்பைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள். அதுவரை எல்லோருக்கும் ஒரே எண்ணம்: சவுக்கு இல்லை, எண்ண முடியாது, அவ்வளவுதான். வியாழன் காலையில் பள்ளத்தில் பதினொரு பேர் நின்றோம். குடியிருப்புத் தலைவர் லாய் வந்திருந்தார். அரசாங்கத்து ஆள், அவர் தம்பியைக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்று இந்த மேட்டில் எங்கோ புதைத்திருந்தார்கள். மூய் அக்காவும் வந்திருந்தாள். அவள் மூத்த மகன் மலைக்குப் போனவன். அவளுக்கு அம்மாவின் எலும்பு வேண்டும். இரண்டு பேரும் தெருவில் பார்த்தால் எச்சில் துப்புகிறவர்கள். பள்ளத்தில் அடுத்தடுத்து நிற்கவேண்டி வந்தது.

"உன் மகனுக்கு ஆள் அனுப்பு," என்றார் லாய். "தம்பி எலும்பைத் தேடிக்கிட்டிருக்கேன், எங்க புதைச்சாங்கன்னு மட்டும் சொல்லட்டும்."

"அனுப்புறேன். மேட்டை நீ யாருக்கு வித்தேன்னும் சேர்த்துச் சொல்லி அனுப்புறேன்."

"சண்டைன்னா மேலே ஏறிப் போடுங்க," என்றாள் அண்ணி, தலை நிமிராமல். "மணல் சரியுது."

இரண்டு பேரும் தோண்டினார்கள். மத்தியானம் லாயின் தம்பி கிடைத்தான், நெற்றியில் ஓட்டையோடு. மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் உட்கார்ந்துவிட்டார். மூய் அக்கா தன் தண்ணீர்ச் சுரைக்குடுக்கையை அவர் பக்கம் தள்ளிவிட்டு அண்ணியின் பள்ளத்துக்கு நகர்ந்து, சாயங்காலம் வரை அவளோடு தோண்டினாள். பொழுது சாய்ந்தபோது பத்தொன்பது பேரை எடுத்திருந்தோம். அண்ணன் இல்லை. மூய் அக்காவின் அம்மாவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது. நான் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன், போனால் உதைப்பார்கள், எனக்கு வேலை போகும் என்று. நீ வராதே என்றாள். போனேன்.

இயந்திரம் வடக்கு முனையில் தொடங்கியது. மஞ்சள் நிறம், முன்னால் வீட்டுக் கதவைவிட அகலமான தகடு. நாங்கள் நாலைந்து பெண்கள் அதற்கு முன்னால் தோண்டிக்கொண்டே போனோம். அது நெருங்க நெருங்கப் பள்ளத்தின் சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணியின் மண்வெட்டி எதிலோ பட்டது. கையால் துழாவி எடுத்தாள். கோணல் தொடை எலும்பு.

நான் குழியில் குதித்தேன். இயந்திரம் இருபது தப்படிக்கு வந்துவிட்டது. ஓட்டுகிறவனுக்கு எங்கள் தலை தெரிந்திருக்காது. மேலே நின்ற லாய் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு அதன் குறுக்கே போய் நின்றார். அது நின்றது. முகாமின் அமெரிக்க சார்ஜென்ட் கத்திக்கொண்டு ஓடி வந்தான். பின்னால் மொழிபெயர்ப்பாளன்.

அண்ணி அவர்களைப் பார்க்கவே இல்லை. பாதத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொன்றாகத் துடைத்து என் கையில் கொடுத்தாள். நான் மூட்டையில் போட்டேன். மூட்டையில் முகாமின் முத்திரை இருந்தது. சார்ஜென்ட் முத்திரையையும் பார்த்தான், என் முகத்தையும் பார்த்தான். அண்ணனின் இடது கையில் ஒரு விரல் எலும்பு குறைந்தது. அண்ணி மணலை அள்ளி அள்ளி விரலிடுக்கில் வழியவிட்டாள். அது கிடைக்கும்வரை இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. மண்டையோட்டைக் கடைசியாகத் தன் தலைத்துணியில் முடிந்துகொண்டாள்.

மொழிபெயர்ப்பாளன் குனிந்து, "கிடைச்சிட்டாருல்ல, வீட்டுக்குப் போங்கம்மா. சார்ஜென்ட் கொதிக்கிறாரு," என்றான்.

"மூய் அக்காவோட அம்மா இன்னும் கிடைக்கல."

"அவங்க உங்களுக்கு யாரு?"

"யாரா இருந்தா உன் சார்ஜென்ட்டுக்கு என்ன? நேத்து அவ எனக்குத் தோண்டினா."

முடிச்சை என் மடியில் வைத்துவிட்டு, கயிற்றின் ஒரு முனையை அடுத்த வரிசைக்கு நகர்த்தி ஊன்றி, மண்வெட்டியோடு இறங்கினாள். மூய் அக்கா அவளுக்கு எதிர்ப்பக்கம் இறங்கினாள். லாய் சட்டையைப் போடாமலே மூன்றாவதாக இறங்கினார்.

சார்ஜென்ட் கடிகாரத்தைப் பார்த்தான், வசைபாடினான், மொழிபெயர்ப்பாளனைத் திட்டினான். கடைசியில் கையைச் சுழற்றிக் காட்டினான். இயந்திரம் பின்வாங்கித் தெற்கு முனைக்குத் திரும்பியது. அங்கிருந்து எங்களை நோக்கி மட்டமாக்கிக்கொண்டு வர அதற்கு நாலு மணி நேரமாவது ஆகும்.

அண்ணனை மணல் குவியலின் நிழலில் வைத்தேன். கயிற்றின் மறுமுனையை எடுத்து இழுத்துப் பிடித்தேன்.