சும்மா இருந்தது யார்

பாலத்துக் காவலன் அறைக் கதவில் கை வைத்துவிட்டான். உள்ளே இருப்பது தொலைந்துபோன மகனா, வேறு யாராவதா என்று தெரிய இன்னும் சில பக்கங்கள்தான். அப்போது எழுத்தெல்லாம் மறைந்து, திரையில் ஒரே ஒரு வரி வந்தது: "சும்மா இருந்ததால் உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது."

சும்மா இருந்தேனாம். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு கண்ணிலும் கட்டுடன் படுத்திருக்கும் அப்பாவுக்கு அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்து, அவர் கேட்டதற்காக மறுபடியும் படித்து, எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

மாமா தன் ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு கணினியும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்பும் வைத்துத் தகவல் பலகை நடத்துகிறார். வீட்டுக் கணினியிலிருந்து டயல் செய்து நுழைந்தால் அரட்டை, விளையாட்டு, யாரோ ஒரு புண்ணியவான் வாராவாரம் மொழிபெயர்த்துப் போடும் இந்த நாவல். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். அதனால் மூன்று நிமிடம் எந்த விசையையும் தட்டாத ஆளை வெளியே தள்ள விதி வைத்திருந்தார். தட்டினாலோ அடுத்த பக்கம் வந்துவிடும். திரும்பிப் போக வழியில்லை. கணினியின் வட்டில் இடம் போதாததால் நாளைக் காலை இந்த அத்தியாயத்தை அழித்துவிடுவார்.

மறுபடி டயல் செய்தேன். பிஸி. எத்தனை முறை சுழற்றினாலும் பிஸி.

"உங்க மாமன் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறவன்," என்றார் அப்பா.

தொலைபேசியை அவர் கைக்கெட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மாமா பிரித்துப்போட்ட ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டிருந்தார். நான் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, விதி என்றால் மருமகளுக்கும் ஒன்றுதான் என்றார். பருந்து என்ற பெயரில் வருகிறவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார். என் இணைப்பு அறுந்த நொடியில் நுழைந்தவர், இதுவரை ஒரு தடவைகூட ஓயவில்லையாம்.

அவர் என்னதான் தட்டுகிறார் என்று காட்டச் சொன்னேன். மாமா ஒரு விசையை அழுத்தி, பருந்தின் திரையை எடுத்தார். வெற்று வரி. அதன் கீழே வெற்று வரி. எழுத்தே இல்லாமல் வரிகள் மேலே ஓடிக்கொண்டிருந்தன. விசைமேல் செங்கல்லோ எதையோ கனமாக வைத்துவிட்டு ஆள் போய்விட்டார். தான் திரும்பி வந்து விளையாடும்வரை, பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல.

மாமா "இருக்கீங்களா?" என்று தட்டி அனுப்பினார். பதிலுக்கும் வெற்று வரிகள்தான்.

"விதிப்படி பாத்தா அவர் சும்மா இல்லையே," என்று மாமா இழுத்தார்.

"செங்கல் வேலை செய்யுது, நான் சும்மா இருக்கேன். அப்படித்தானே மாமா?"

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

கணினியைத் தொலைபேசி இணைப்போடு சேர்க்கும் மோடத்தின் பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கி, மேஜைமேல் சும்மா கிடந்த தொலைபேசியில் செருகினேன். மாமா எழுந்தார், எழுந்தவர் அப்படியே நின்றார். வீட்டுக்குச் சுழற்றினேன். நெடுநேரம் மணி அடித்த பிறகு அப்பா எடுத்தார். மாமாவின் திரையில் அத்தியாயத்தைத் திறந்தேன். அந்தத் திரைக்கு எந்த விதியும் கிடையாது. வேண்டிய மட்டும் நிற்கும்.

காவலன் கதவைத் திறந்தான். உள்ளே மகன்தான். ஆனால் அவனுக்குத் தன் அப்பாவை அடையாளம் தெரியவில்லை. "பாலத்தைக் கடக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், ஐயா?" என்கிறான். அந்தப் பக்கம் அங்கே முடிந்தது. நான் நிறுத்தினேன்.

ரிசீவரில் ஒரு சத்தமும் இல்லை. மாமா பொறுத்துப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்து ரிசீவரை வாங்கி, "மச்சான், லைன்ல இருக்கீங்களா? கட்டாயிடுச்சா?" என்றார்.

அப்பாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "கேட்டுக்கிட்டுதானேடா இருக்கேன். மனுசன கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடமாட்டியா?"

மாமா ரிசீவரை என்னிடம் நீட்டினார். பருந்து இந்நேரம் டயல் செய்துகொண்டிருப்பார். அவருக்கும் பிஸிதான் கேட்கும்; கேட்கட்டும்.

"அந்தக் கடைசி வரிய மறுபடி படி," என்றார் அப்பா.

படித்தேன். மாமா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.